லோரோங் கூலிட்டில் கிடைத்த செஸ் பெட்டி

3 மார்ச் 2024, ஞாயிறு

பசியாறிய கையோடு பினாங்கின் பழைய சாமான் சந்தையான லோரோங் கூலிட். எப்போதும் போல பழைய கேசட், துருப்பிடித்த ஸ்பேனர், யார் வீட்டுக் கல்யாண ஆல்பமோ ஒன்று. பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தில் நோவாக் சூப்பர் கான்ஸ்டலேஷன், நம்மோடு செஸ் ஆடும் பழைய கணினிப் பெட்டி! கடைக்காரருக்கு அது பிள்ளைகள் விளையாட்டுச் சாமான். நானும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. 100 வெள்ளி என்றார், 60-க்கு இறங்கினார். ஒரு கறுப்புச் சிப்பாயைக் காணோம். அந்த இடத்தில் பத்து காசு நாணயம் நிற்கட்டும்.

பேட்டரி பெட்டிக்குள் வெள்ளையாகப் பொருக்கு. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் போய்விட்டது. அடாப்டர்தான் பயம். பிளஸ் மைனஸ் மாறிச் செருகினால் 60 வெள்ளியும் புகையாகிவிடும். மீட்டர் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் செருகினேன்.

பீப். உயிர் இருக்கிறது. டி வரிசை விளக்கு மட்டும் கண் சிமிட்டுகிறது.

5 மார்ச், செவ்வாய்

ஆடும் முறை இப்படி: காயைத் தூக்குமுன் அதன் கட்டத்தில் ஓர் அழுத்து, வைக்கும் கட்டத்தில் இன்னோர் அழுத்து. பலகைக்கு அடியில் அழுத்தத்தை உணரும் தகடு. இயந்திரம் தன் நகர்வை ஓரத்துச் சிவப்பு விளக்குகளால் சொல்லும். காயை நாம்தான் நகர்த்த வேண்டும், முதலாளிக்கு வேலை செய்வது மாதிரி. இ4 கட்டம் தேய்ந்து போயிருக்கிறது, கட்டைவிரலால் அமுக்கினால்தான் கேட்கும். முந்தைய சொந்தக்காரர் என்ன ஓப்பனிங் ஆடினார் என்று கேட்கவே வேண்டாம்.

நோவாக் ஹாங்காங் நிறுவனம், டேவிட் கிட்டிங்கர் எழுதிய நிரல், 1984-ல் வந்தது. உள்ளே 4 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 என்ற செயலிச் சிப். ஆப்பிள் 2 கணினியில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அதே வகை.

முதல் ஆட்டம் தோல்வி. தூக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

9 மார்ச், சனி

கைப்பேசியில் இருக்கும் செஸ் நிரல் இதை அரை நொடியில் விழுங்கிவிடும். அப்புறம் எதற்கு இது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கைப்பேசியோடு ஆடினால் சுவரோடு பேசுவது மாதிரி எனக்கு. இதற்குக் கிறுக்கு இருக்கிறது. கணக்குத் தெளிவாகாத இடத்திலும் துணிந்து காயைப் பலி கொடுக்கும் என்று அந்தக் காலத்திலேயே பெயர் எடுத்த இயந்திரம்.

இன்று அதை நேரில் பார்த்தேன். போட்டி நிலையில் வைத்திருந்தேன், நகர்வுக்குச் சராசரி மூன்று நிமிடம். ஆடை மடித்துக்கொண்டே காத்திருந்தேன். பீப். குதிரையால் எஃப்7 சிப்பாயை வெட்டச் சொல்கிறது. தேய்ந்த கட்டம் தப்பாகப் பதிந்துவிட்டதோ என்று மறுபடி பார்த்தேன், சரிதான். இலவசக் குதிரை! ராஜாவால் எடுத்தேன். அடுத்த பத்து நகர்வும் ராஜாவை இழுத்துக்கொண்டு ஓடியதுதான். பின்னர் உட்கார்ந்து அலசியதில் அந்தப் பலி தப்பு, ஒழுங்காகத் தடுத்திருந்தால் ஜெயித்திருப்பேன். ஆனால் தடுக்கவில்லையே.

14 மார்ச், வியாழன்

நோன்பு மாதச் சந்தையில் முர்தபாக் வாங்கி வந்து, சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்தேன். திருகாணியைப் பொறுக்கி வைக்கும் சாக்கில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அம்மா 1979-ல் பாயான் லெப்பாஸ் தடையில்லா வாணிப வட்டாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வட்டாரம் தொடங்கியது 1972-ல். இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி எல்லாம் அந்த முதல் தொகுதியிலேயே வந்துவிட்டன. அம்மாவுக்கு 22 வருடம் மைக்ராஸ்கோப்புதான். சிப்பையும் அதன் கால்களையும் தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியால் இணைக்கிற வேலை. அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து விடியுமுன் ஃபெரி. தீவுக்குப் பாலம் 1985-ல்தான் திறந்தது.

நாற்பது கால் சிப்பைக் காட்டி, "இதுதாம்மா மூளை" என்றேன். அவர் பார்வை ஓரத்துச் சின்ன நினைவகச் சிப்பில். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து படித்தார்: "மலேசியா. 8422." முதல் இரண்டு எண் வருடம், அடுத்த இரண்டு வாரம்.

"எண்பத்து நாலு, இருபத்திரண்டாவது வாரம். நீ வயித்துல அஞ்சு மாசம்."

"நீங்க செஞ்சதா இருக்குமாம்மா?"

முத்திரையை இன்னொரு தடவை பார்த்தார். "இது எங்க கம்பெனி இல்லடி. எதிர்ல இருந்தவங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களுக்குப் போனஸ் கூட."

ஒரு நாளைக்கு எத்தனை செய்தீர்கள் என்று கேட்டதற்கு விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். எதில் பொருத்துவார்கள் என்று யாரும் சொன்னதில்லையாம். கால்குலேட்டர் என்றுதான் நினைத்திருந்தாராம்.

17 மார்ச், ஞாயிறு

முதல் வெற்றி! இயந்திரம் சில நகர்வுகள் ஆழம்தான் பார்க்கும். அதற்கு அப்பால் உள்ள ஆபத்து அதற்கு இல்லவே இல்லை. அதன் யானை மாட்டிக்கொண்டது. தப்ப வழியில்லை. அதுவோ வரிசையாகச் சிப்பாய்களைத் தூக்கிக் கொடுக்கிறது. ஒவ்வொன்றையும் நான் வெட்டும் நேரத்தில் யானை விழுவது ஒரு நகர்வு தள்ளிப்போய்ப் பார்வைக்கு வெளியே ஒளிந்துகொள்கிறது அல்லவா, அதற்குப் பிழைத்த மாதிரி.

அம்மாவுக்குச் செஸ் தெரியாது. ஆனாலும் இதைச் சொன்னதும் சிரித்தார். "ஆலோங் வாசல்ல நிக்கும்போது வீட்டுச் சாமான ஒன்னொன்னா குடுத்து நாளைக்கு வான்னு அனுப்புற மாதிரி." ஆலோங் என்றால் கள்ளத்தனமாக வட்டிக்கு விடுபவன்.

20 மார்ச், புதன்

டி விளக்கு சுத்தமாக நின்றுவிட்டது. புது விளக்கு வாங்க வேண்டும் என்றேன். அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "லைட்டு நல்லாத்தான் இருக்கு. ஈயம் விட்டிருக்கு, பாரு, சுத்தி வளையமா விரிசல்" என்றார். எனக்கு வளையமும் தெரியவில்லை, விரிசலும் தெரியவில்லை. அவர் காட்டிய இடத்தில் சூடு வைத்தேன்.

எரிகிறது. நேற்று நிறுத்திய ஆட்டத்தில் ஒரு சிப்பாய் பின்தங்கியிருக்கிறேன். இப்போது என் நகர்வு.