40 பவுண்டு போன ராத்திரியும் ஒரு கொட்டை ஓடும்

லண்டன் போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோவென்ட் கார்டன் பக்கம் கலர் லைட் போட்டு, பாட்டை அலறவிட்டபடி நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ரேட் பேசாமல் ஏறாதீர்கள். அண்ணிக்குக் கால்வலி என்று ஏறினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இறங்கும்போது 40 பவுண்டு கேட்டார். நம் காசுக்கு நாலாயிரத்துக்கும் மேல்! வாதாடிப் பார்த்தோம், வேலைக்கு ஆகவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே போனது.

அன்று மாலைதான் ஜார்ஜியன் லண்டனின் குற்றக் கதைகளைச் சொல்லும் நடைச் சுற்றுலா ஒன்றுக்கு வேறு பணம் கட்டியிருந்தோம். 1714 முதல் 1830 வரை நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலம் அது. வழிகாட்டிக்கு நல்ல குரல். நான்கு முறை சிறையிலிருந்து தப்பி 1724-இல் தூக்கில் தொங்கிய ஜாக் ஷெப்பர்ட், திருடனைப் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே திருட்டுக் கூட்டத்தை நடத்தி அடுத்த வருடம் அதே டைபர்ன் தூக்குமேடையில் தொங்கிய ஜோனதன் வைல்ட் என்று கதை விறுவிறுவெனப் போனது. ஆனால் தூக்குமேடைக்கு வந்ததும் ஆள் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்றைய சட்டப்படி, கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளை யாரும் பார்க்காமல் எடுத்தால் மரண தண்டனை. வீட்டுக்குள் 40 ஷில்லிங் திருடினாலும் அதேதான். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் தூக்குக்குரிய குற்றங்கள் ஏறத்தாழ 200. ஜூரிகளுக்கே மனசு கேட்காமல், திருடுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று எழுதி உயிரைக் காப்பாற்றிய வழக்குகள் நிறைய உண்டு. இதை விட்டுவிட்டு முகமூடிக் கொள்ளைக்காரன் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? பசி என்ற வார்த்தை அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

சரி, மறுநாள் காலைக்கு வருகிறேன். ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரத்தில் பிரன்ஸ்விக் ஸ்கொயரில் இருக்கிறது ஃபவுண்ட்லிங் மியூசியம், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பழைய காப்பகம் ஒன்றின் கதையைச் சொல்லும் இடம். டிக்கெட் விலையைப் பார்த்து வாசலிலேயே தயங்கினோம். பக்கத்திலிருக்கும் பிரிட்டிஷ் மியூசியம் இலவசம் ஆயிற்றே என்றார் அண்ணி. நல்லவேளை, உள்ளே போனோம்.

தாமஸ் கோரம் ஒரு கப்பல் கேப்டன். லண்டன் தெருவோரம் கைவிடப்பட்டுக் கிடந்த சிசுக்களைப் பார்த்துப் பொறுக்காமல் 17 வருடம் பெரிய மனிதர்களின் வீட்டுப் படி ஏறி இறங்கி, 1739-இல் அரச சாசனம் வாங்கி இந்தக் காப்பகத்தை நிறுவினார். இடம் குறைவு, வந்த தாய்மார்களோ அதிகம். அதனால் குலுக்கல். தாய் ஒரு பைக்குள் கையை விட்டுப் பந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குழந்தை உள்ளே. சிவப்பு வந்தால் காத்திருக்கலாம். கறுப்பு வந்தால் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இதைப் படித்த இடத்திலேயே அண்ணி உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே எடுத்த குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். நாளைக்கு நிலைமை சரியானால் அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்க, தாய் ஏதாவது ஒன்றை விட்டுப் போவாள். துணித் துண்டு, பட்டன், பெயர் கீறிய காசு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஹேசல்நட் கொட்டையின் ஓடு இருக்கிறது. விரல் நுனி அளவுதான். செதுக்கல் இல்லை, எழுத்து இல்லை. கொடுப்பதற்கு அந்தத் தாயிடம் ஒரு செப்புக்காசுகூட இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் அதை விட்டு நகரவே இல்லை. 1741 முதல் 1760 வரை சேர்ந்த 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளில், திரும்ப வாங்கிப்போகப்பட்டவர்கள் 152 பேர்.

1756-இல் நாடாளுமன்றம் பணம் தந்து, வருகிற எல்லாக் குழந்தைகளையும் எடுக்கச் சொன்னது. வாசலில் கூடை தொங்கவிட்டார்கள். நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட 15,000 குழந்தைகள். மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கவில்லை. தூக்குமேடைக் கதையை விட இதுதான் அந்த நகரத்தின் கதை என்று எனக்குப் பட்டது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்கு யூஸ்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால் டிரம்மண்ட் தெரு வரை நடங்கள். சைவக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மொறுமொறு தோசை, கொதிக்கக் கொதிக்க சாம்பார். மூன்று நாள் சாண்ட்விச்சுக்குப் பிறகு அண்ணி இரண்டாவது தோசை கேட்டார், நான் விலையே பார்க்கவில்லை. டைபர்ன் இருந்த இடத்தில் இப்போது மார்பிள் ஆர்ச் பக்கம் தரையில் ஒரு வட்டக் கல் மட்டும்தான். அதற்காக பஸ் காசு செலவழிக்க வேண்டாம்.

பழைய காப்பகக் கட்டடம் 1920-களில் இடிக்கப்பட்டது. அது நின்ற இடம் இன்று கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற விளையாட்டு மைதானம், மியூசியத்துக்கு அடுத்தாற்போல். சாப்பிடப் போகும் முன் ஒரு எட்டு பார்க்கலாம் என்று போனோம். குழந்தையோடு வந்தால்தான் பெரியவர்களுக்கு அனுமதி என்று வாசலில் எழுதியிருந்தது. எங்களோடு குழந்தை இல்லை. உள்ளே பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டுக்கொண்டு, கம்பி வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றிருந்தோம்.