தேரடியில் கேட்ட கேள்வி

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனைக் கும்பிட வருகிறவர்கள் தேரடியில் கொஞ்ச நேரமாவது இருந்துவிட்டுப் போகவேண்டும். செல்லப்பா சுவாமி என்ற ஞானி திரிந்த இடம் அது. ஊர் அவரை விசரன், அதாவது பைத்தியக்காரன், என்றது. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் இருந்த ஒருவரைப் பார்த்து அந்த விசரன்தான் "யாரடா நீ?" என்று அதட்டினார். அதட்டு வாங்கியவர் பிறகு யோகர் சுவாமி ஆனார்.

'நான் யார்' என்றதும் நமக்குத் திருவண்ணாமலையும் ரமண மகரிஷியும்தான் நினைவுக்கு வரும். கிட்டத்தட்ட அதே காலத்தில் நல்லூர் வீதியிலும் அந்தக் கேள்வி எழுந்திருக்கிறது என்பது எனக்குப் பெரும் பேறாகவே படுகிறது.

நான் போனது ஆவணித் திருவிழாக் காலை. வெளிவீதி மணலில் ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்ய, பின்னால் பெண்கள் அடியழித்து வந்தார்கள். ஒரு அம்மா விழுந்து கும்பிட்டார், எழுந்தார், சில அடி வைத்தார், மறுபடி விழுந்தார். நெற்றித் திருநீற்றின்மேல் மணல் ஒட்டியிருந்தது. அதை அவர் துடைக்கவே இல்லை.

சரியை (கோயில் தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்று சைவம் நான்கு நெறி சொல்லும். அப்பர் சரியைக்கு, சம்பந்தர் கிரியைக்கு, சுந்தரர் யோகத்துக்கு, மணிவாசகர் ஞானத்துக்கு. தன்னை விசாரிக்கத் தொடங்கினால் கோயில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்றார் தாயுமானவர். அரும்பைக் கிள்ளிவிட்டுக் கனிக்குக் காத்திருக்க முடியுமா? ஞானக் கேள்வி பிறந்ததே தேர் நிற்கிற இடத்தில்தானே!

அப்புறம் கொழும்புத்துறைக்குப் போனேன். 1964இல் சமாதி அடையும்வரை யோகர் சுவாமி வாழ்ந்த ஊர். குருவிடம் அவர் பெற்ற மகாவாக்கியங்கள் நான்கு: 'எப்பவோ முடிந்த காரியம்', 'நாம் அறியோம்', 'ஒரு பொல்லாப்பும் இல்லை', 'முழுதும் உண்மை'. எல்லாம் நம் வீட்டுப் பேச்சுத் தமிழ். 'யாரடா நீ?' என்பதற்கு நேர்மையாக நின்று பார்த்தால் 'நாம் அறியோம்' என்பதில்தான் என் மனம் போய் முட்டுகிறது. பெயர், படிப்பு, உத்தியோகம், உறவு எதைச் சொன்னாலும் அதைச் சொல்கிறவன் யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

அங்கிருந்த ஐயா ஒருவர், "சிவபுராணம் படிச்சுப்போட்டுப் போங்கோ, தம்பி" என்றார். மணிவாசகர் வாக்கு. அவரோடு இருந்து முழுதும் படித்தேன்.