ஹொக்குசாயின் அலையை அலசியபோது

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘கனகாவா பேரலை’ 1831 வாக்கில் வெளிவந்த மரக்கட்டை அச்சு. அசல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் (சுருக்கமாக மெட்), லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், சிகாகோ கலை அருங்காட்சியகம் என்று வரிசையாகச் சொல்லலாம். செதுக்கிய ஒரே மரப்பலகைகளிலிருந்து அச்சானவை என்பதால் எல்லாமே அசல்தான். இவற்றில் எது முந்தியது, எது பலகை தேய்ந்த பிறகு அச்சானது என்று வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா என்று ஓர் ஆசை.

முதலில் போனது உகியோ-இ டாட் ஆர்க் (இந்த வகை ஜப்பானிய அச்சுப்படங்களுக்கு உகியோ-இ என்று பெயர்). ஜான் ரெசிக் உருவாக்கிய தளம் (இணையதளங்கள் பயன்படுத்தும் ஜேகுவெரி என்ற நிரல் தொகுப்பை எழுதியவரேதான்). ஒரு படத்தை ஏற்றினால் பல அருங்காட்சியகங்களில் உள்ள ஒத்த அச்சுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கி அச்சிட்ட நகல்களும் அதில் கலந்து வரும். விவரக் குறிப்பைப் படித்துத்தான் கழிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அப்புறம் பெரிய கோப்புகள். மெட் 2017 முதல் உரிமைத்தடை இல்லாத படங்களை இலவசமாகவே தருகிறது. சிகாகோ படங்கள் ஐஐஐஎஃப் (அருங்காட்சியகப் படங்களை எந்தக் கருவியிலும் திறக்க உதவும் பொதுத் தரமுறை) முறையில் கிடைப்பதால், மிராடார் என்ற பார்வைக் கருவியில் முகவரியைக் கொடுத்து, பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

வண்ணத்தை ஒப்பிடுவதை உடனே விட்டுவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விளக்கு, ஒவ்வொரு கேமரா; போதாததற்கு என் லேப்டாப் திரை வேறு. கோடு அப்படி ஏமாற்றாது. இடது மேல் பக்கம் தலைப்பு எழுதிய செவ்வகக் கட்டம் இருக்கிறதே, அதன் ஓரக் கோட்டைப் பெரிதாக்கினால் ஒரு பிரதியில் முழுசாக ஓடுகிறது, இன்னொன்றில் விட்டுவிட்டு வருகிறது. பலகை விளிம்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பார்த்த நொடியில் சத்தமாகவே “அட!” என்றேன்.

சேகரித்ததை ட்ரோப்பி என்ற, ஆய்வுப் படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருளில் போட்டேன். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். படத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனிக் குறிப்பு எழுதலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் அருங்காட்சியகப் பதிவெண்ணைக் கட்டாயம் சேர்த்தேன். மெட்டின் ஒரு பிரதி ஜேபி1847. எண் இல்லாவிட்டால் எல்லா அலையும் ஒரே அலைதான்.

அடுத்து, பேரலை இடம்பெற்ற அதே ஃபுஜி மலைக் காட்சித் தொடரின் ‘சிவப்பு ஃபுஜி’யை எடுத்திருக்கிறேன். அதில் பிரதிக்குப் பிரதி மாறுவது நிறம். திரையை நம்பி அங்கே ஒன்றும் சொல்ல முடியாது.