செரோக்கியின் எண்ணெய்க் கசிவு

மார்ச் 9, 2025, ஞாயிறு

தரையிறங்கியதும் குனிந்து பார்த்தால், மூக்குச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வால்பக்கம்வரை எண்ணெய் வழிந்திருக்கிறது. எங்கள் சிறு விமானமான பைப்பர் செரோக்கி 140-இல் இருப்பது லைகமிங் ஓ-320 எஞ்சின். 8 குவார்ட் (ஏறத்தாழ ஏழரை லிட்டர்) எண்ணெய் பிடிக்கும். முழுக்க நிரப்பினால் மேலே உள்ளதைக் காற்றுப்போக்கிக் குழாய் வழியே துப்பிவிடும் என்று ஆறோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆகவே அது காரணமல்ல. எஞ்சின் மூடியைக் கழற்றினேன். வலப்பக்கப் பின் சிலிண்டரின் அடி முழுக்கப் பிசுபிசுப்பு. ராக்கர் மூடியின் (சிலிண்டர் தலையில் வால்வுகளை இயக்கும் பகுதியை மூடும் தகடு) திருகுகளை இறுக்கிவிடச் சொன்னார் பக்கத்துக் கொட்டகைக்காரர். இடம் தெரியாமல் இறுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மூடி வளைந்தால் புதுக் கசிவு இலவசம்.

மார்ச் 15, சனி

எஞ்சினைக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் சந்தேகமான இடங்களிலெல்லாம் டால்கம் பவுடர் தூவினேன். சாவி அணைந்திருந்தாலும் ப்ரொப்பெல்லரைத் தொடவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் கம்பி அறுந்திருந்தால், கையால் சுழற்றினாலே எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும்.

சிறிது நேரம் ஓட்டி நிறுத்தினேன். பின் சிலிண்டரின் ராக்கர் மூடியைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. கருத்த கோடு தொடங்கியது முன் சிலிண்டரின் எண்ணெய் திரும்பும் குழாயில்! ராக்கர் அறையிலிருந்து எண்ணெய் தானாக வடிந்து கீழே இறங்கும் வழி அது; நடுவில் ஒரு சிறு ரப்பர் இணைப்பு, இரு முனைகளிலும் கிளாம்ப். அங்கே கசிந்ததைக் காற்று பின்னால் தள்ளியிருக்கிறது. பாவம், பின் சிலிண்டர்மேல் வீண்பழி.

மார்ச் 16, ஞாயிறு

ஹைட்ராலிக் அல்லாத குழாய் இணைப்பை மாற்றுவது, அமெரிக்க விதிப்படி விமானியான உரிமையாளரே செய்யக்கூடிய பராமரிப்பு. கார்க்கடை ரப்பர் கூடாது, விமானத்துக்கு அங்கீகரித்த பாகம்தான் வேண்டும் என்று எங்கள் மெக்கானிக் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாங்கி வைத்திருந்தது கைகொடுத்தது.

பழைய ரப்பர் வளையவே இல்லை. பிளேடை நீளவாக்கில் மெல்ல ஓட்டியதும் அறுபடுவதற்குப் பதில் நொறுங்கியது. உள்ளிருக்கும் உலோக முனையில் கீறல் விழுந்தால் புது ரப்பரும் கசியும் என்பதால் அவசரப்படவில்லை. நான்கு சிலிண்டர்களின் ரப்பரும் ஒரே வயது, நான்கையும் மாற்றினேன்.

மார்ச் 22, சனி

தரையில் ஓட்டியபோது கசிவில்லை. விமான நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து இறங்கி, மறுபடியும் மூடியைத் திறந்தேன். எல்லா இணைப்பும் உலர்ந்திருந்தன. பராமரிப்புப் பதிவேட்டில் செய்த வேலை, தேதி, விமானி உரிம எண் எழுதிக் கையொப்பமிட்டேன். வயிற்றுப் பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவது விமானத்தின் இன்னொரு பங்குதாரரின் முறை.