மாத்தளைச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பி இருக்குமா?

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குக் கல்லில் சிப்பி புதினமில்லை. எங்கள் சுண்ணக்கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது, 2.3 கோடி ஆண்டுகளைத் தாண்டாது. மாத்தளைப் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சூளையடியில் குவித்திருந்த கற்களைக் கண்டதும், அதே பழக்கத்தில் ஒன்றைப் புரட்டினேன். உடைந்த முகம் கற்கண்டு போல மினுங்கியது.

"இந்தக் கல்லுல சிப்பி கிப்பி ஒண்ணும் கெடைக்காது தம்பி. சுட்டா வெள்ளையா வரும், அவ்வளவுதான்" என்றார் அங்கே நின்ற பெரியவர்.

அவர் சொன்னது சரி. இதுவும் பழைய கடலடிச் சுண்ணம்தான். ஆனால் இலங்கையும் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒன்றாயிருந்த கோண்ட்வானா என்னும் பழைய பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது ஆழத்தில் புதைந்து, 800 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்து சலவைக்கல்லாகிவிட்டது.

எப்போது வெந்தது என்பதைச் சொல்வது பக்கத்துப் பாறைகளிலுள்ள சிர்கான் என்னும் கனிம மணிகள். நம்மூர் நகைக்கடைக்காரர் 'மாத்தறை வைரம்' என்று விற்றதும் சிர்கான்தான். உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டு எடுக்கும். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது வந்துவிடும்.

மலைநாட்டுக் குவார்ட்சைட்டில், அதாவது வெந்து இறுகிய மணற்கல்லில், சில சிர்கான் மணிகளின் நடுப்பகுதி 240 முதல் 320 கோடி ஆண்டு பழையது. அது எங்கிருந்தோ அரித்து வந்த மணல். வெந்தபோது மேலே வளர்ந்த விளிம்போ 55 முதல் 61 கோடி. ஆக, மாத்தளைச் சுண்ணம் படிந்த கடல் அந்த வேக்காட்டுக்கும் முந்தியது. ஓடுள்ள விலங்குகளில் மிகப் பழைய கிளவுடினாவுக்கே 55 கோடி வயதுதான். வேகாமல் இருந்திருந்தாலும் இங்கே சிப்பி கிடைத்திராது!

எனக்குப் பிடித்தது இன்னொன்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் எடியகாரா என்னும் பழங்காலத்து மென்மையான உடல்கொண்ட உயிர்களின் அச்சுகள் எரிமலைச் சாம்பலுக்கடியில் தப்பியிருக்கின்றன. அந்தச் சாம்பலின் சிர்கான் ஏறத்தாழ 56.5 கோடி ஆண்டு காட்டுகிறது. அவை கடலடியில் வாழ்ந்த காலத்தில்தான் மாத்தளைக் கல் கீழே வெந்துகொண்டிருந்தது.

அப்புறம், பழைய உயிரின் தடயம் மலையகத்தில் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்டிப் பக்கம் வீதிக்கு வெட்டிய பாறைகளில் கருஞ்சிவப்புக் கார்னெட் கனிமத்தோடு காரீயச் செதில்கள் (ஈயமல்ல, கரிமத்தாலான கிராஃபைட்டு) மினுங்கும். விரலால் தேய்த்தால் பென்சில் போல ஒட்டும். ஒரு காலத்தில் கடற்சேறாக இருந்த பாறை அது. அந்தக் கரிமம் சேற்றில் மடிந்த நுண்ணுயிர்களுடையது என்பதே புவிச்சரிதவியலாளர் பலரின் கருத்து.