கென்னட் கரைக் குறிப்புகள்: நவம்பர் 2024

நவம்பர் 19, செவ்வாய்

ஆர்க்டிக் காற்று இறங்கிவிட்டது. இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் பனி கொட்டுகிறதாம். எனக்கோ கென்னட் ஆற்றில் தூண்டில் போட வியாழக்கிழமைக்கு லீவு சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. குளிர் அடித்த முதல் இரண்டு நாள் ஆற்றுப் பக்கமே போகாதே என்பார்கள் இந்த ஊர்த் தூண்டில்காரர்கள். தண்ணீரின் சூடு திடீரென்று இறங்கினால் மீன் வாயை மூடிக்கொள்ளும். அதே குளிர் நிலையாக நின்றால் மெல்ல மெல்ல மறுபடி இரை எடுக்கும். வியாழன் மூன்றாம் நாள். பார்க்கலாம்.

நவம்பர் 20, புதன்

கடையில் இரைக்கு அரை பைண்ட் ஈப்புழு வாங்கினேன், சிவப்பும் வெள்ளையும் கலந்து. இங்கே புழுவை பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) கணக்கில்தான் அளந்து தருவார்கள். கோடையில் இரண்டு பைண்ட் கூடப் போதாது. இந்தக் குளிருக்கு அரையே மிஞ்சும். இன்னொரு இரையான ரொட்டி மட்டும் இன்றைக்கு வந்ததாக இருக்க வேண்டும், காய்ந்தது தூண்டில் முள்ளில் நிற்காது. இன்னொரு பாக்கெட்டை மிக்ஸியில் அடித்துத் தூளாக்கிக்கொண்டேன். சட்னி ஜாரைத் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு, அதனால் எனக்கென்று ஓர் ஓட்டை ஜார். புழு டப்பாவுக்கு ஃபிரிட்ஜிலும் இடமில்லை. கராஜில் கிடக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

எட்டு மணிக்கு பர்க்ஃபீல்டு பக்கம் கரையில் இருந்தேன். புல் முழுக்க உறைபனி. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 5.5 டிகிரி. கென்னட் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் ஆறு. ஊற்று நீர் ஆண்டு முழுவதும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் ரெடிங்கில் தேம்ஸோடு சேரப்போகும் இந்தக் கீழ்ப்பகுதிக்கு வருவதற்குள் அந்தச் சூடெல்லாம் போய்விடுகிறது. இந்தக் குளிரில் பார்பெல் மீனை மறந்துவிட வேண்டியதுதான். சப் மீன் அப்படியல்ல, எந்தக் குளிரிலும் கொஞ்சமாவது தின்னும்.

காலையில் தக்கை போட்டு ஓட்டத்தோடு விட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது இந்த முறைதான். ஆனால் தூண்டில் கம்பின் வளையங்களில் தண்ணீர் உறைந்து தூண்டில் நரம்பு நகர மறுத்தது. கம்பு நுனியை ஆற்றில் முக்கி முக்கி எடுக்க வேண்டியிருந்தது. போதாததற்கு ஆற்றில் வில்லோ மர இலைகள். முள்ளில் இலை மாட்டித் தக்கை அமுங்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு முறை துள்ளும். பதினொரு மணிக்கு உள்ளங்கை அளவு ரோச் மீன் ஒன்று, அவ்வளவுதான். ராபின் குருவி ஒன்று டப்பா விளிம்பில் உட்கார்ந்து, பயமே இல்லாமல் சிவப்புப் புழுவாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரைப் பெரியவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து கை கையாக இரை வீசிவிட்டு, மதியத்தோடு மூட்டை கட்டினார். குளிரில் மீன் தேடி வராது, நாம்தான் தேடிப் போக வேண்டும். ஒரு பிடி ரொட்டித்தூள், அரை மணி நேரம், அப்புறம் அடுத்த மடு.

இரண்டு மணிக்குத் தக்கையைக் கழற்றி, இரை அடியில் நிற்க நரம்பில் இரண்டு எடைக் குண்டு கட்டினேன். ஈயம் இல்லை. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் 1987லிருந்து சின்ன ஈயக் குண்டுகளுக்கு இங்கே தடை. ரொட்டியை ஒரு பக்கம் முள் தண்டில் அழுத்தி, மறுபக்கம் பஞ்சாக விட வேண்டும். கோடையில் அமெரிக்க கிரேஃபிஷ்கள் (இறால் மாதிரி நன்னீர் ஜந்துகள்) இந்த இரையை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிடும். கென்னட்டையே பிடித்து வைத்திருக்கும் அந்தச் சனியன்கள் குளிரில் அடங்கிக் கிடக்கும். அதற்காகவே குளிரை மன்னிக்கலாம்.

மூன்றரைக்கு, விழுந்து கிடந்த வில்லோவின் கீழ், குப்பை ஒதுங்கிய அமைதியான தண்ணீரில் போட்டேன். கம்பு நுனி மெல்ல ஓர் அங்குலம் வளைந்து நின்றது. பிறகு தளர்ந்தது. அப்போது இழுத்தேன். முதல் பாய்ச்சலே வேர்களை நோக்கி. நரம்பை விடாமல் பிடித்ததில் திரும்பியது. நாலு பவுண்டு மூன்று அவுன்ஸ் சப். பித்தளை நிறச் செதில், ஒவ்வொன்றின் விளிம்பிலும் கறுப்பு, தடித்த வெள்ளை உதடு. பல்லெல்லாம் தொண்டைக்குள் இருப்பதால் விரல் விட்டு முள் எடுக்கக் கூடாது. கையை நனைத்து, வலையை விட்டு அதிக நேரம் தூக்காமல், மறுபடி ஆற்றில் விட, தலை ஓட்டத்தைப் பார்க்கும்படி தண்ணீரில் பிடித்திருந்தேன். ஒரு நிமிடத்தில் கை நழுவிப் போய்விட்டது.

போட்டோ பார்த்துவிட்டு அம்மா ஃபோன்: "அம்மாம் பெரிய மீனை ஆத்துலயே விட்டுட்டு வந்தியாப்பா? குழம்பு வச்சா நாலு பேர் சாப்பிடலாமே." இருபது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சப் மீனை எடுத்துப் போகச் சட்டம் விடாது, முள்ளும் ஏகப்பட்டது என்றேன். "அப்ப எதுக்குடா குளிர்ல போய் நிக்கிற?" பேச்சை மாற்றிவிட்டேன். இருட்டும் முன் இன்னொரு சப் வந்தது, அதில் பாதி எடை.

நவம்பர் 24, ஞாயிறு

பெர்ட் புயல் இரண்டு நாளாகக் காற்றும் மழையுமாக. வாசலில் இப்போது 15 டிகிரி, நம்ப முடியவில்லை. பாலத்தில் நின்று பார்த்தேன்: ஆறு டீ நிறம், கிளைகள் மிதந்து போகின்றன, தண்ணீர் 8 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. கலங்கிய, சூடேறும் தண்ணீர் என்றால் பார்பெல் கட்டாயம் இரை தேடும். குளிர் திரும்புவதற்குள் போயாக வேண்டும். நாளை வேலை முடிந்து நேராக ஆற்றுக்கு. டின் இறைச்சி, கனமான குண்டு, நெற்றி விளக்கு எல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது.