உடல்மெலிவும் ஒரு டியூப் ரத்தமும்: ஆய்வக நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

ரத்தத்தில் அமினோ அமிலங்களின் (புரதத்தின் அடிப்படைக் கூறுகள்) அளவு பார்க்க இன்று ஏழு மாதிரிகள். எல்லாமே ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்த புற்றுநோயாளிகளுடையவை. இரவு முழுக்க வெறும் வயிறு, காலையில் லித்தியம் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) டியூபில் 4 மி.லி., உடனே ஐஸ். அமினோ அமில டிரிப் ஏறிக்கொண்டிருந்தால் மறுகையில் எடுத்தாலும் பட்டினி அளவு கிடைக்காது.

சென்ட்ரிஃபியூஜ் 4 டிகிரியில், 2000 ஜி, 10 நிமிடம். சுழற்றியதும் மேலே பிளாஸ்மா என்ற தெளிந்த திரவம், அடியில் சிவப்பணு, நடுவில் மெல்லிய வெள்ளணுப் படலம். படலத்துக்கு மேல் அரை செ.மீ. பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிட வேண்டும். பிப்பெட் நுனி படலத்தைத் தொட்டால், அந்த அணுக்களுக்குள் இருக்கும் டாரினும் அஸ்பார்டேட்டும் கலந்து அளவு ஏறிவிடும்.

மார்ச் 4, செவ்வாய்

ஐந்தாவது டியூபின் பிளாஸ்மா இளஞ்சிவப்பு. குரோமட்டோகிராமில் (ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனித்தனி பீக்காகக் காட்டும் வரைபடம்) ஆர்ஜினைன் பீக் படுத்துக் கிடக்கிறது, பக்கத்தில் ஆர்னிதின் நிமிர்ந்து நிற்கிறது. சிவப்பணு உடைந்து வெளிவந்த ஆர்ஜினேஸ் என்ற நொதி ஆர்ஜினைனை ஆர்னிதினாக மாற்றியிருக்கிறது. புற்றுநோயில் ஆர்ஜினைன் உண்மையாகவே குறைவதும் உண்டு. அதனால்தான் இந்தப் பொய் அளவை யாரும் சந்தேகிப்பதில்லை. ரிப்போர்ட் போகாது, மறுபடி ரத்தம் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

புரதம் நீக்கம்: 400 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, நார்லூசின் (ஒப்பீட்டுக்காக நாமே தெரிந்த அளவில் சேர்ப்பது) கலந்த 10 சதவீத சல்ஃபோசாலிசிலிக் அமிலம் 100 மைக்ரோலிட்டர். ஐஸில் ஒரு மணி நேரம், பிறகு அதிவேகச் சுழற்சி, 0.2 மைக்ரான் வடிகட்டி. அமினோ அமிலத்தோடு நின்ஹைட்ரின் சேர்ந்து தரும் நிறத்தை 570 நானோமீட்டர் ஒளியில் படிக்கிறோம். புரோலினுக்கு மட்டும் 440.

இரண்டாம் நோயாளிக்கு எல்லா அமினோ அமிலமும் ஒரே விகிதத்தில் குறைவு. பார்த்தால் கடும் மெலிவு போலத்தான் தெரியும். நார்லூசின் பீக் மட்டும் மற்ற மாதிரிகளில் இருப்பதைவிட உயரம். கருவிக்குள் செலுத்திய மாதிரியின் அளவு மாறியிருந்தால் எல்லா பீக்கும் சேர்ந்தே மாறியிருக்கும். இங்கே நார்லூசின் கலந்த அமிலம் கூடுதலாக விழுந்து பிளாஸ்மாவை நீர்க்கச் செய்திருக்கிறது. மீதிப் பிளாஸ்மாவில் திரும்பச் செய்ததும் அளவுகள் மேலே வந்தன.

மார்ச் 10, திங்கள்

வெளியிலிருந்து வந்த ஒரு மாதிரி வாரக்கணக்கில் கழித்தல் 20 டிகிரியில் இருந்திருக்கிறது. குளுட்டமின் தாழ்ந்து, குளுட்டமேட் ஏறியிருக்கிறது. சேமிப்பு கழித்தல் 80-இல்தான்.

3-மெத்தில்ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் தசை உடைவதைக் காட்டும். உடல் அதை மறுபடி புரதத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் முந்தின நாள் சாப்பிட்ட கறியும் அதைக் கூட்டும், சிறுநீரகக் கோளாறும் கூட்டும். வார்டுக்கு எழுதியனுப்பியது: மூன்று நாள் கறி, மீன் வேண்டாம்; கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சிஆர்பி (அழற்சிக்கு) அதே காலையில்; ஐந்தாம் நோயாளிக்கு மறுபடி ரத்தம், சிவப்பணு உடையாமல் இருக்கப் பெரிய ரத்தக்குழாயில், சிரிஞ்சை மெதுவாக இழுத்து.